எட்டாம் வகுப்பின் சைரன்

போர்ட் பிளேரின் குட்வில் எஸ்டேட்டில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு முறை, முக்கால் மணி நேரம் வரும். அதற்குள் டிரம்களைக் கழுவி வைப்பது மார்ட்டினின் வேலை. லுங்கியை மடித்துக் கட்டி, தேங்காய் நாரைக் கையில் சுருட்டிக்கொண்டு, நீல டிரம்முக்குள் தோள்வரை நுழைந்து அடியில் படிந்த பாசியைத் தேய்ப்பார். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகில் என்ஜின் பார்க்கிறவர். தனக்கு ஓய்வு நாள் எது என்று கேட்டுக்கொண்டுதான் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய பழைய புகார். அந்த வெள்ளிக்கிழமை மூன்று டிரம்மைக் கழுவிக் கவிழ்த்தார். நாலாவதைக் காணவில்லை.

“ஏட்டி, பெரிய டிரம் எங்க?”

“ஸ்கூல்ல.” சமையலறையிலிருந்து மனைவி ரீத்தா சொன்னார்.

“எந்த ஸ்கூல்ல?”

“சௌல்தாரி தாண்டி இருக்குல்லா, அங்க. போன சனிக்கிழமை பஸ்ல கொண்டு போனேன்.”

“டிரம்மையா? கண்டக்டர் ஒண்ணும் சொல்லலையா?”

“அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டான். ஜன்னல் சீட்டுல உக்கார வச்சான்.”

மார்ட்டின் நாரைத் தரையில் போட்டார். “வீட்டுல இருக்கதே நாலு டிரம். அதுல பெருச கொண்டுபோய் பிள்ளைகள அடிக்க விட்டிருக்க.”

“யாரு அடிக்கா? அதுக்குள்ள தலைய விட்டுப் பாடுறாங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நீயும் பூசைக்குப் போகையில அந்தப் பாட்டுலயே குளிச்சிக்க.” குழாய் இருமத் தொடங்கியதும் பேச்சை விட்டுவிட்டு ஹோஸைப் பிடிக்க ஓடினார்.

ரீத்தாவுக்கு நாற்பத்தைந்து வயது. அப்பா மிக்கேல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து படகு பழுது பார்க்க இந்தத் தீவுக்கு வந்தவர். அடுத்த கப்பலில் ஊர் திரும்புவதாகச் சொல்லிக்கொண்டே ஜங்கிலிகாட்டில் முப்பது வருடம் இருந்து, அங்கேயே இறந்தும் போனார். ரீத்தா பிறந்து வளர்ந்ததெல்லாம் போர்ட் பிளேரில்தான். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். எல்லோரும் ஒன்று பாடினால் இந்தப் பெண் அதற்குப் பக்கத்தில் வேறொன்று பாடுகிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாட்டில் அது இல்லை என்று குழுவை நடத்தியவர் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்பும் வேலையை அவருக்குக் கொடுத்தார். ரீத்தா இரண்டு வருடம் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு இருபது வருடம் இசைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கல்யாணம் ஆனது. ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் ஆயாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் பெயரில்லாத ஒரு வேலை கிடைத்தது. மூக்குத் துடைப்பதும் அவர்தான், அ ஆ சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். அந்த வேலையை இன்றும் விடவில்லை.

அவருடைய முப்பத்து மூன்றாவது வயதில் மெயின்லேண்டிலிருந்து ஒரு இசைக்குழு பத்து நாள் பட்டறை நடத்த வந்தது. குழந்தைகளைக்கொண்டே புது இசை உண்டாக்கப் போகிறோம் என்றார்கள். பிள்ளைகளோ வீட்டில் தமிழ், பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சு என்று ஆளுக்கொன்று பேசுகிறவர்கள். ரீத்தாவுக்குத் தமிழும் ஹிந்தியும் பெங்காலியும் தெரியும், தெலுங்கில் சண்டை போடுமளவுக்குத் தெரியும். மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். ஆறாவது நாள் குழுத் தலைவருக்கு டெங்குக் காய்ச்சல். மற்ற இருவரும் ஆஸ்பத்திரியில் அவருக்குத் துணை இருந்தார்கள். மீதி நாலு நாளும் ரீத்தாவே நடத்தினார். குழு ஊர் திரும்பியது. அடுத்த சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே பட்டறை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றார். காவலாளி வழக்கம்போலக் கதவைத் திறந்துவிட்டார்.

அப்படி ஓடியது பன்னிரண்டு வருடம். எத்தனையோ முறை அலைந்த பிறகு கல்வி அலுவலகம் ஒரு கடிதம் கொடுத்தது. இன்னார் சனிக்கிழமைகளில் அரசுப் பள்ளிகளில் இசைப் பட்டறை நடத்தலாம், புகார் வந்தால் அனுமதி ரத்து செய்யப்படும் என்று நாலு வரி. எல்லாப் பள்ளிக்கும் அந்த ஒரு கடிதம்தான். மழைக்குப் பயந்து லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தார்.

ரீத்தாவின் பட்டறை ஒரு பள்ளிக்கு எட்டு வாரம். அதில் ஆர்மோனியம் கிடையாது, கீபோர்டு கிடையாது, தெரிந்த பாட்டு எதுவும் கிடையாது. முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சத்தத்தைக் கொண்டு வர வேண்டும். வார்த்தை கூடாது, செல்போனில் பிடித்து வரவும் கூடாது, வாயாலோ கையாலோ செய்து காட்ட வேண்டும். ஒரு பெண் தன் அப்பாவின் குறட்டையை, நடுவில் வரும் இருமலோடு கொண்டு வந்தாள். ஒரு பையன் ஈரச் சட்டையில் இஸ்திரிப் பெட்டி படும் சத்தத்தைப் பல்லிடுக்கில் கொண்டு வந்தான். கொண்டு வந்ததை ரீத்தா திருப்பி அனுப்புவதே இல்லை. நல்லது, கெட்டது, அசிங்கமானது, வேடிக்கையானது எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அவருடைய ஒரே சட்டம் அது.

இரண்டாவது வாரம் சாக்பீஸ் வெளியே வரும். ரீத்தாவுக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. அதனால் தரையில் கோடு போடுவார். கோடு சுவர்ப் பக்கம் ஏறினால் குரல் ஏறணும், இறங்கினால் இறங்கணும். தடித்த கோடு பலமாக, மெல்லிய கோடு மெதுவாக. புள்ளி என்றால் தட்டு. ஒரு பிள்ளை அந்தக் கோட்டின்மேல் நடக்கும். மற்றவர்கள் அதன் காலைப் பார்த்துப் பாடுவார்கள். கால் நின்றால் சத்தமும் அதே இடத்தில் நிற்கும், கால் ஓடினால் எல்லோரும் ஓட வேண்டும். பாடவே வராது என்று ஒதுங்கும் பிள்ளைகளைத்தான் முதலில் நடக்க விடுவார். முப்பது பேரின் குரல் தன் பாதத்துக்குக் கட்டுப்படுவதைக் கண்ட பிள்ளை அப்புறம் ஒதுங்குவதில்லை.

சௌல்தாரி தாண்டிய அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் முப்பத்து நாலு பேர். மூன்றாவது வாரம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். முப்பத்து நாலு பேருக்கும் தெரிந்த ஒரே சத்தம் எது? கண்டுபிடியுங்கள்.

ஒரே கலவரம். குக்கர் விசில் என்றார்கள் சிலர். எங்கள் வீட்டில் குக்கரே இல்லை என்றான் ஒரு ராஞ்சிப் பையன். கப்பல் ஊதுவது என்றார்கள். ஜெட்டிப் பக்கமே போகாத நாலு பேர் இருந்தார்கள். தகரத்தில் மழை என்றார்கள். “எங்க வீடு காங்கிரீட்” என்று ஒருத்தி பெருமையாகக் கெடுத்தாள். அப்போது மௌமிதா என்ற ஒல்லிப் பெண் எழுந்து, “சைரன்” என்றாள். வகுப்பே கூரை பறக்கக் கத்தியது.

அந்தப் பள்ளியில் மாதம் ஒரு முறை சுனாமி ஒத்திகை. அலுவலக அறையில் கையால் சுற்றும் சைரன் ஒன்று இருக்கிறது. அது ஊதினால் புத்தகத்தைப் போட்டது போட்டபடி விட்டு, வரிசையாகப் பின் கேட் வழியே பாக்குத் தோப்புக்கு மேலே இருக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். மேலே தலை எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். இந்தப் பிள்ளைகள் எல்லாம் சுனாமிக்கு ஏழெட்டு வருடம் கழித்துப் பிறந்தவர்கள்.

“சைரன்னா கணக்குப் பீரியட் இல்ல மிஸ்,” என்று சோனியா தமிழில் விளக்கினாள். “சைரன்னா பிஸ்கட்.”

ரீத்தா கொஞ்சம் தயங்கினார். கிறிஸ்துமஸுக்கு மறுநாளான அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இந்த ஊரில் இருந்தவர். ஜங்கிலிகாட்டில் படகுகள் சாலைமேல் கிடந்ததைப் பார்த்தவர். ஆனாலும் முப்பத்து நாலு முகமும் எதிரே இருந்தன. கொண்டு வந்ததைத் திருப்பி அனுப்புவதில்லை என்ற சட்டமும் இருந்தது. “சரி, செய்வோம்,” என்றார்.

பிள்ளைகள் செய்தார்கள். சோனியாவின் அப்பா குழாய் வேலை செய்கிறவர். மிச்சமான பிவிசி குழாய்த் துண்டுகள் நீளமும் குட்டையுமாக வந்தன. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கும்போது வரும் உறுமலுக்கு இரண்டு பேர் டிரம்முக்குள் தலையை விட்டு அடிக்குரலில் முனகினார்கள். அதன்மேல் நீளக் குழாய்க்காரர்கள் ஏறினார்கள். அவர்கள் மூச்சு முடியும் முன் குட்டைக் குழாய்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். இடைவெளி எங்கும் தெரியக் கூடாது என்று அவர்களே சண்டை போட்டு மூச்சு விடும் முறையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாவது சனிக்கிழமை முதல்முறையாக முழுசாகப் பாடிப் பார்த்தார்கள். வராந்தா நெடுக்க நாற்பதடிக் கோடு. மௌமிதா நடந்தாள்.

அவள் பாதி தூரம் போவதற்குள் கீழ்க்கட்டடத்தில் ஒன்றாம் வகுப்பு வரிசையாக வெளியே வந்தது. அடுத்து இரண்டு, மூன்று. ஆசிரியைகள் வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். சமையல்காரம்மா கேஸை அணைத்துவிட்டு வந்தார். பியூன் ஓடிப் போய்ப் பின் கேட்டைத் திறந்தார். தலைமையாசிரியை விஜயலட்சுமி கல்வி அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர், பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார். மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் கீழே எட்டாம் வகுப்பு மட்டும் வராந்தாவில், வாயில் குழாயோடு நிற்பது அவர் கண்ணில் பட்டது.

ரீத்தா அதற்குள் மேட்டில் பாதி ஏறியிருந்தார். பொய் சைரன் என்று அவர் கத்தவில்லை. கத்தினால் இருநூறு பிள்ளைகளும் சரிவில் ஒரே சமயத்தில் திரும்பும். ஒத்திகைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போய், “எண்ணி முடிங்க சார், வரிசையா இறக்குங்க,” என்று மட்டும் சொன்னார். கடைசிப் பிள்ளை இறங்கி வகுப்புக்குள் போகும்வரை தோப்பு ஓரத்தில் நின்றார். பிறகு தலைமையாசிரியை அறைக்குப் போனார். எட்டாம் வகுப்பு பின்னாலேயே வந்து வாசலை அடைத்தது.

“ஹம் லோக் நே ச்சுனா தா, மேடம்,” என்றாள் மௌமிதா. தேர்ந்தெடுத்தது நாங்கள்தான் என்று.

“நீ வகுப்புக்குப் போ,” என்றார் ரீத்தா. “மேடம், தப்பு என்னோடது. அன்னைக்கே இது வேணாம்னு நான் சொல்லியிருக்கணும்.”

“நானே போனைப் போட்டுட்டு மலையேறிட்டேன் ரீத்தா,” என்றார் விஜயலட்சுமி. மூச்சு இன்னும் வாங்கியது. “இருபத்தாறு வருஷ சர்வீஸ். என்னைய நம்ப வச்சிட்டாங்கன்னா பாத்துக்கங்க.” சிரித்துவிடுவார் போலத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் கேட்டில் பெற்றோரின் ஸ்கூட்டர்கள் நிற்கத் தொடங்கிவிட்டன.

முதலில் உள்ளே வந்தவர் ஈஸ்வரன். பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். பேரன் இரண்டாம் வகுப்பு. இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி, தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து பாக்கும் காய்கறியும் போடுகிறார். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அன்னைக்கு கச்சால்ல எந்தச் சத்தமும் வரல மேடம். நெலம் ஆடுச்சு, நின்னுச்சு. நாங்க உள்ள போயி தேத்தண்ணி குடிச்சோம். எங்கக்கா கருப்பாயி துணி தொவைக்கப் போயிருச்சு. ஒரு மணி, ஒரு ஊதல், ஏதாச்சும் ஒண்ணு வந்திருந்தா மேட்டுக்கு ஓடியிருக்கும். இப்பத்தான் அந்தச் சத்தம் வந்திருக்கு. அதப் போயி வெளையாட்டாக்கிட்டீங்க. நாளைக்கு நெசமா ஊதுறப்ப என் பேரன் ‘எட்டாங்கிளாஸ் அக்காமாரு பாடுறாங்க’ன்னு உக்காந்திருப்பான்.”

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தார். ரீத்தா, “நீங்க சொல்றது சரிதாண்ணே,” என்றார்.

விஜயலட்சுமி முடிவாகச் சொன்னார். எழுத்தில் புகார் வந்தால் அதை அலுவலகத்துக்கு அனுப்பாமல் இருக்க அவரால் முடியாது. அனுப்பினால் ரீத்தாவின் கடிதம் போய்விடும், இந்தப் பள்ளியில் மட்டும் அல்ல, எல்லாப் பள்ளியிலும். அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடட்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று காட்டட்டும். தலைவர் பார்த்து, புகாரா இல்லையா என்று பதிவேட்டில் எழுதட்டும்.

அன்று சாயங்காலம் மார்ட்டின் முழுக்கதையையும் கேட்டார்.

“அவ்வளவு அச்சு அசலாவா ஊதுனாங்க?”

“சமையக்காரம்மா கேஸையே அணைச்சிட்டாங்க.”

மார்ட்டின் வாய்விட்டுச் சிரித்தார். ரீத்தா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். “சரி, ஒண்ணு செய்யி. தேசபக்திப் பாட்டு ஒண்ணு சொல்லிக் குடு. மூணு நிமிஷம் பாடட்டும். எல்லாரும் கை தட்டுவாங்க, ஒன் கடிதாசி பொழைச்சிரும்.”

“அதுக்கு நான் எதுக்கு? பாட்டுப் புத்தகம் போதுமே.”

“டிரம்மாவது வீட்டுக்கு வரும்லா.”

ரீத்தா பாத்திரம் துலக்கப் போனார். அந்த வாரம் முழுவதும் நர்சரிப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார். அலுவலகத்திலிருந்து திருப்பிக் கேட்டால் எடுத்துக் கொடுக்க வசதியாக இருக்கட்டும் என்று.

சனிக்கிழமை ஒன்பதரை மணிக்கு எட்டாம் வகுப்பில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈஸ்வரன் சொன்னதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொன்னார். ஹிந்தியில் சொன்னார், தேத்தண்ணியையும் விடவில்லை, துணி துவைக்கப் போன அக்காவையும் விடவில்லை. கண்டிக்கவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. “இதுதான் விஷயம். பதினோரு மணிக்கு வருவாங்க. என்ன செய்யலாம்?” என்றார்.

பிஸ்கட்டுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

“சைரன் சத்தம்தான மிஸ் கூடாது?” என்றாள் சோனியா. “அந்த எடத்துல கோட்ட அழிச்சிருவோம்.”

“அழிச்சிட்டு?”

“ஒண்ணும் இல்ல. அதான் ஒண்ணும் வரலைன்னு சொன்னாரே.”

வேறு சத்தம் கண்டுபிடிக்க நேரமும் இல்லை. அழிக்கலாம். ஆனால் கோடு இல்லாவிட்டாலும் அந்த இடத்தைத் தாண்டி நடந்துதானே ஆக வேண்டும், எப்படி நடப்பது என்று மௌமிதா கேட்டாள். வெறும் தரையில் நட என்றார்கள். மீதிக்கு என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பெரிய சண்டை. ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்து நாலு பேரும் ஆளுக்கொரு துணியோடு தரையில் உட்கார்ந்து அழித்தார்கள், வரைந்தார்கள், மறுபடி அழித்தார்கள். ரீத்தா சாக்பீஸ் எடுத்துக் கொடுத்ததோடு சரி.

பதினோரு மணிக்குக் குழு வந்தது. விஜயலட்சுமி பதிவேட்டோடு உட்கார்ந்தார். ஈஸ்வரன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். மௌமிதா செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டின் தொடக்கத்தில் நின்றாள்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. விளக்குமாறு, கோழி, யாரோ ஒருவரின் குறட்டை, தேநீர்க் கிளாஸில் கரண்டி சுற்றுவது. பிறகு கோடு நடுங்கியது. டிரம்முக்குள்ளிருந்து இரண்டு பேர் முனகினார்கள். பெஞ்சுகள் தடதடத்தன. நின்றன. மீண்டும் கரண்டிச் சத்தம். கல்லில் துணி அடிக்கும் சத்தம் ஒன்று, தனியாக, நாலு முறை. அதோடு கோடு முடிந்தது.

மௌமிதா வெறும் சிமெண்டில் கால் வைத்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. குழாய்கள் எல்லாம் மடியில் கிடந்தன. மேலே மின்விசிறி முனகியது. கேட்டுக்கு வெளியே ஒரு லாரி போயிற்று. அவள் ஆறு எட்டு வைத்தாள்.

ஏழாவது எட்டில் கோடு மறுபடி தொடங்கியது. முப்பத்து மூன்று பேரும் தொடையில் தட்டி மேடு ஏறினார்கள். ஓட்டம் மெல்ல மெல்ல நின்றது. கடைசியில் தலை எண்ணினார்கள். ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தன் வீட்டுப் பேச்சில் சொன்னார். ஹிந்தி ஏக், தமிழ் இரண்டு, தெலுங்கு மூடு, பெங்காலி ச்சார் என்று போய், முப்பத்து நாலில் நின்றது. மௌமிதா சுவரோரம் போய் நின்றாள்.

கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு பெற்றோர் தட்டி, பாதியில் விட்டார்கள்.

“ஈஸ்வரன் சார்,” என்று விஜயலட்சுமி பதிவேட்டை நகர்த்தி, பேனாவைத் திறந்து மேலே வைத்தார்.

ஈஸ்வரன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலே எழுதியிருந்ததை முதலிலிருந்து படித்தார். பிறகு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். விஜயலட்சுமி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டு, ரீத்தாவின் பக்கம் திரும்பி உரக்க வாசித்தார். “புகார் இல்லை. எட்டு வாரமும் நடக்கலாம்.”

பிள்ளைகள் ஆரவாரம் செய்ய வாயெடுத்தார்கள். ஈஸ்வரன் எழுந்து நிற்பதைக் கண்டு அடங்கினார்கள். அவர் கோடு அறுந்திருந்த இடத்துக்கு வந்து நின்றார். பாதி அழிந்த சாக்பீஸ் பொடியைச் செருப்பு மிதிக்காதபடி காலை ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

“இந்த எடத்துல அந்தப் புள்ள வெரசா நடந்துருது,” என்றார், குறிப்பாக யாரையும் பார்க்காமல். “இன்னும் கொஞ்சம் மெதுவா நடக்கலாமில்லையா?”

மௌமிதாவுக்குத் தமிழ் புரியவில்லை. சோனியாவுக்குப் புரிந்தது, அவள் ரீத்தாவைப் பார்த்தாள். ரீத்தாவின் கை சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருந்தது. ஈஸ்வரன் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு, சுவரோரமாகச் சுற்றி வெளியே போனார்.